வீட்டிலேயே படித்த ஒரு வருஷம்

(நமது சமூகக் கூடத்தில் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, வருமானவரி பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். ஏப்ரல் மாதம் வந்தால் வரிப் படிவத்தோடு என் வீட்டு மணியை அடிப்பவர்கள் இங்கே நாலைந்து பேராவது உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனால் அவர் கேட்டது வேறு. "உங்க பேத்தியைப் பத்திப் பேசுங்க சார். எல்லாரும் எங்கிட்டதான் கேட்கிறாங்க" என்றார்.

எல்லோரும் கேட்பது எனக்கும் தெரியும். காலை பதினொரு மணிக்கு லிஃப்ட் கதவு திறக்கும்போது, கையில் கறிவேப்பிலைக் கட்டோடு ஒரு ஐந்து வயதுக் குழந்தை நின்றால் யாருக்கும் கேட்கத் தோன்றும்: "ஏன் பாப்பா, இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?" ஆரம்பத்தில் அவள் என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். இப்போது "நான் வீட்ல படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பொத்தானை அழுத்துகிறாள். கேட்டவர் உடனே என் முகத்தைப் பார்ப்பார். நான் சிரித்து வைப்பேன். ஐந்து மாடி இறங்குவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது?

இன்றைக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறீர்கள். வரவை மட்டும் காட்டிச் செலவை மறைத்தால் அது நல்ல கணக்கு இல்லை. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஜூன் மாதம் பாப்பா யு.கே.ஜி.க்குப் போனாள். முதல் வாரத்திலிருந்தே காலை ஆறரை மணிக்கு வயிற்றுவலி. வேன் வரும் நேரத்தில் சாப்பிட்டதைக் கக்கிவிடுவாள். டாக்டரிடம் காட்டினோம், ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை. "சனி ஞாயிறுல வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சனி ஞாயிறில் வலித்ததே இல்லை.

அந்தப் பள்ளியைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. ஒரு அறையில் நாற்பது குழந்தைகள், ஒரு டீச்சர். அந்த அம்மாவும் என்னதான் செய்வார்? ஆனால் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த குழந்தை வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

ஜூலையில் ஒரு ராத்திரி நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்து பேசினோம். என் மகனுக்கு ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மருமகள் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள், வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. அவள்தான் முதலில் சொன்னாள்: "மாமா, இந்த வருஷம் நிறுத்திடலாமா? ஒண்ணாம் கிளாஸுக்கு வேணா அப்புறம் பார்த்துக்கலாம்." மகனுக்குத் தயக்கம். "மத்த பிள்ளைங்களைவிடப் பின்தங்கிடுவாளே" என்றான். என் மனைவி, "குழந்தை ரெண்டு வாய் சாப்பிட்டாப் போதும்" என்றாள். நான் மார்பைத் தட்டிக்கொண்டேன். "பி.காம். படிச்சவன், 37 வருஷம் பேங்க்ல கணக்கு எழுதினவன். யு.கே.ஜி. பாடம் என்னால நடத்த முடியாதா?"

அடுத்த நாளே பால்கனியில் ஒரு கிளை திறந்துவிட்டேன்.

நான் கேலிக்குச் சொல்லவில்லை. சின்ன மேஜை, நாற்காலி, வெள்ளைப் பலகை. ஃபிரிட்ஜ் கதவில் கால அட்டவணை: பத்து மணிக்குத் தமிழ், பத்தே முக்காலுக்கு ஆங்கிலம், பதினொன்றரைக்குக் கணக்கு. வருகைப் பதிவேடுகூடப் போட்டேன். ஒரே ஒரு பிள்ளைக்கு! நீளமான நோட்டில் ஒவ்வொரு நாளும் என்ன முடித்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். முதல் வாரம் பிரமாதமாகப் போனது. இரண்டாவது வாரம் பென்சில் அடிக்கடி கீழே விழ ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி ஒன்பதே முக்கால். அவள் பாட்டியிடம் போய் நின்று, "வயிறு வலிக்குது" என்றாள்.

அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். எந்த வலிக்காகப் பள்ளியை நிறுத்தினோமோ அதே வலியை வீட்டுக்குள்ளேயே வரவழைத்துவிட்டேன். கோபம், அவமானம், எல்லாம் சேர்ந்து வந்தது. மருமகள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அட்டவணையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள், அவ்வளவுதான்.

அதற்கு முதல் நாள் நடந்த ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்ல வேண்டும். நான் ஆங்கிலத்தில் எண்களைச் சொல்ல அவள் எழுதிக்கொண்டிருந்தாள். ஃபோர்டீன் என்றேன், 41 என்று எழுதினாள். சிக்ஸ்டீன் என்றேன், 61 என்று எழுதினாள். செவன்டீனுக்கு 71. மூன்று தடவை திருத்தியும் அதே தவறு. "கவனம் எங்கே இருக்கு?" என்று சத்தம் போட்டேன். அவள் அழவில்லை. ரப்பரை எடுத்துத் தாள் கிழியும்வரை அழித்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வயிற்றுவலி ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 41, 61, 71 என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. 41-இல் 14 போனால் 27. 61-இல் 16 போனால் 45. 71-இல் 17 போனால் 54. எல்லாம் ஒன்பதால் வகுபடும் எண்கள். பேங்கில் கையால் லெட்ஜர் எழுதிய காலத்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

1983-ஆம் வருஷம். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமக் கிளை. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் டே புக் டேலி ஆகவில்லை. 90 ரூபாய் இடிக்கிறது. ஏழு மணி, ஏழரை மணி. எட்டரைக்குக் கடைசி பஸ். என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. தலைமைக் காசாளர் வந்து வித்தியாசம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். "90 சார்" என்றேன். "ஒன்பதால வகுபடுது. அப்ப எங்கேயோ ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கு. தலைகீழா எழுதின எண்ணைத் தேடு" என்றார். பத்து நிமிஷத்தில் கிடைத்தது. 540 ரூபாய் வவுச்சரை 450 என்று ஏற்றியிருந்தேன். என் தோளில் கைவைத்து, "தம்பி, உனக்குக் கணக்குத் தெரியாம இல்லை. கை முந்திடுச்சு" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போனார்.

இருபத்து மூன்று இருபத்து நாலு வயதில், சம்பளம் வாங்கிக்கொண்டு, நான் செய்த அதே தவறு. அதற்கு எனக்குக் கிடைத்தது ஒரு வழி. ஐந்து வயதில் இவள் செய்ததற்கு நான் கொடுத்தது ஒரு சத்தம்.

மறுநாள் பலகையை எடுக்கவில்லை. காய்கறிக் கணக்கு எழுதும் துண்டுத்தாளை அவளிடம் கொடுத்து, "பாப்பா, பதினாலுன்னு எழுது" என்றேன். 14 என்று எழுதினாள். பதினாறு, சரியாக 16. பதினேழு, அதுவும் சரி. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள். தமிழில் 'பதினாலு' என்று சொல்லும்போது பத்து முதலில் வருகிறது, நாலு பின்னால் வருகிறது. எழுதுவதும் அதே வரிசைதான். ஆங்கிலத்தில் 'ஃபோர்டீன்' என்றால் நாலு முதலில் காதில் விழுகிறது. குழந்தை காதில் விழுந்த வரிசையிலேயே எழுதினாள். கவனம் இல்லாதவள் அல்ல, மிகவும் கவனமாகக் கேட்டவள். தவறு என்று நான் நினைத்த இடத்தில் ஒரு காரணம் இருந்தது. நான்தான் தேடவில்லை.

தமிழிலும் பொறி இல்லாமல் இல்லை. எண்பதுக்குப் பிறகு தொண்ணூறு என்றதும், "நூறு இன்னும் வரலையே தாத்தா, அதுக்குள்ள ஏன் நூறு சொல்றே?" என்று கேட்டாள். 37 வருஷம் நோட்டு எண்ணியவனுக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றியதில்லை!

அன்றிலிருந்து முறையை மாற்றினோம். முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டில் எப்படியும் நடக்கிற வேலைகளில் அவளையும் சேர்த்துக்கொண்டோம். உட்கார்ந்து எழுதுவது ஒரு நாளைக்கு அரை மணி, மிஞ்சினால் நாற்பது நிமிஷம். அதுவும் அவளுக்குத் தோதான நேரத்தில்.

காலையில் ஆவின் பால் பாக்கெட்டை எண்ணி வாங்குவது அவள் பொறுப்பு. நீலம் எங்களுக்கு, ஆரஞ்சு எதிர்வீட்டுக்கு. இரண்டு அரை லிட்டர் சேர்ந்தால் ஒரு லிட்டர் என்பதை நான் பாடமாக நடத்தவில்லை, பாத்திரத்தில் ஊற்றும்போது பார்த்துக்கொண்டாள். மாவுக்கு ஊறப்போடும் நாளில் நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து. ஒரு நாள் பேச்சு சுவாரசியத்தில் ஒரு ஆழாக்கு அரிசி கூடுதலாகப் போட்டுவிட்டாள். பாட்டி பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இட்லி கொஞ்சம் கெட்டி. மகன் தட்டைப் பார்த்தான். பாப்பாவே, "அஞ்சு போட்டுட்டேன் போலிருக்கு" என்றாள். சிவப்பு மையில் திருத்தியிருந்தால் இவ்வளவு நன்றாக மனசில் ஏறியிருக்காது.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின்கட்டணக் கணக்கு எடுக்க வருவார்கள் அல்லவா? அதற்கு முதல் நாள் நானும் அவளும் கீழே மீட்டர் அறைக்குப் போவோம். அவள் ஒவ்வொரு இலக்கமாக வாசிப்பாள், நான் எழுதுவேன். பழைய எண்ணைக் கழித்து, முதல் 100 யூனிட் இலவசம் என்பதையும் சொன்னேன். இப்போது விசிறியை நிறுத்தாமல் யாராவது எழுந்தால், "100 தாண்டிடும்" என்று கத்துகிறாள். நாங்கள் தாண்டிப் பல வருஷம் ஆகிறது, அதை அவளிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் மொட்டைமாடியில் நிலா பார்ப்போம். பௌர்ணமிக்கு அடுத்த நாள் அதே நேரத்துக்குப் போய், "நிலா வரலை" என்று ஏமாந்து திரும்பினாள். ஒரு வாரம் போய்ப் பார்த்து, நிலா தினமும் நேரம் தாழ்த்தி வருகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். சராசரியாக ஐம்பது நிமிஷம். "நிலாவுக்கும் வேன் லேட்டா தாத்தா?" என்றாள். அவள் வேன் என்ற சொல்லைப் பயமில்லாமல் சொன்னது அன்றைக்குத்தான் என்று என் மனைவி கவனித்துச் சொன்னாள்.

தமிழ் எழுத்தை அ, ஆ என்று வரிசையாகப் போகாமல், எழுத எளிதான ட, ப, ம என்று தொடங்கினோம். இந்த மூன்றும் ஒரு புள்ளியும் வந்தாலே படம், மடம் எழுதிவிடலாம். இன்னொரு புள்ளி வைத்தால் பட்டம். இந்த யோசனையைக் கொடுத்தவர் சி பிளாக்கில் இருக்கும் நம் டீச்சரம்மா. மாநகராட்சிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, ஒவ்வொரு குழந்தையும் தன் அட்டையை எடுத்துத் தன் வேகத்தில் முடித்துவிட்டு அடுத்த அட்டைக்குப் போகும் என்று விளக்கினார். டீச்சரும் குழந்தைகளோடு தரையில்தான் உட்கார வேண்டும். "சார், நீங்க நாற்காலியை விட்டு இறங்குங்க, பாதிப் பிரச்சினை தீரும்" என்றார். முழங்கால் வலியோடு இறங்கினேன். தீர்ந்தது.

இந்த இடத்தில் நம் சங்கத்துக்கு ஒரு நன்றி. அறிவிப்புப் பலகையில் செயலாளர் தமிழிலும் ஒட்டுகிறார். டிசம்பரில் ஒரு நாள் பாப்பா லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டு, படியேறி ஓடினாள். "பாட்டி, நாளைக்குத் தண்ணி வராதாம்!" சம்ப் சுத்தம் செய்யும் அறிவிப்பு அது. நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பாட்டி உடனே வாளி, குடம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பி வைத்தாள். மறுநாள் பக்கத்து வீட்டுக்கும் ஒரு குடம் கொடுத்தோம். அவள் படித்தது வீட்டுக்கு உபயோகப்பட்ட முதல் நாள் அது. அன்றிலிருந்து கண்ணில் படும் பலகை ஒன்றையும் விடுவதில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் ஒரு மத்தியானம். பாட்டியும் பேத்தியும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கீரை ஆய்வது உங்களுக்குத் தெரியும், ஒரு மணி நேர வேலை. கைக்கு வேலை இருக்கும், முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை. யாரும் எதுவும் கேட்காமலேயே அவள் சொன்னாள்: "பாட்டி, அந்த ஸ்கூல்ல பாத்ரூம் போகணும்னா கையைத் தூக்கி இங்கிலீஷ்ல கேட்கணும். எனக்கு அது மறந்து மறந்து போகும். ஒரு நாள் போயிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க."

அதனால்தான் காலையில் சாப்பிட மாட்டாள். தண்ணீர் குடிக்க மாட்டாள். ஒன்றும் உள்ளே போகாவிட்டால் கேட்க வேண்டிய அவசியம் வராது என்று அந்தச் சின்னத் தலை ஒரு கணக்குப் போட்டிருக்கிறது. டாக்டர், ஸ்கேன், நான்கு பெரியவர்கள் எல்லோரும் தேடியும் கிடைக்காத வித்தியாசம், மூன்று மாதம் கழித்துக் கீரைக் கட்டில் கிடைத்தது. ஜூன் மாதமே "என்ன ஆச்சு, சொல்லு, சொல்லு" என்று நாங்கள் எத்தனையோ முறை கேட்டோம். உட்கார வைத்துக் கேட்டோம். அப்படிக் கேட்டால் பெரியவர்களே சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக்கல்வியால் என்ன லாபம் என்று என்னைக் கேட்டால், எழுத்தும் எண்ணும் இரண்டாவதுதான். அவை பள்ளியிலும் கிடைத்திருக்கும். அவசரம் இல்லாத நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் குழந்தை தன் தவறுக்கும் பயத்துக்கும் உள்ள காரணத்தைத் தானே எடுத்துக் கொடுத்தது. அதற்குத்தான் இந்த ஒரு வருஷம் என்று நினைக்கிறேன்.

இனி செலவுப் பக்கம்.

பெரிய செலவு என் மனைவிக்கு. தீபாவளி முடிந்த கையோடு ஒரு ராத்திரி காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "ஊருக்கெல்லாம் நீங்கதான் பேத்திக்குப் பாடம் நடத்துறீங்க. உங்க பாடம் ஒரு மணி நேரம். மீதி நேரம் யாரு பார்க்கிறது?" எனக்குப் பதில் இல்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, சிந்தியதைத் துடைப்பது, மருமகளின் மீட்டிங் நடக்கும்போது குழந்தையைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது, எல்லாம் அவள்தான். எல்லோருமாக உட்கார்ந்து வேலையைப் பிரித்தோம். காலை ஒன்பது மணிவரை பெற்றோர் பொறுப்பு. ஷிஃப்ட் முடிந்து வரும் நாளில் மகன்தான் குளிப்பாட்டித் தூங்க வைக்க வேண்டும். வியாழக்கிழமை பாட்டிக்கு முழு விடுமுறை, சமையலும் கிடையாது. அன்றைக்கு நானும் பாப்பாவும் ரசம், அப்பளம். வியாழக்கிழமை எங்கள் தளத்தில் தீய்ந்த வாசனை வந்தால் பயப்படாதீர்கள்.

மருமகளுக்கும் செலவு உண்டு. ராத்திரி வேலை உள்ள ஒரு நல்ல பொறுப்பு வந்தது, வேண்டாம் என்றுவிட்டாள். அலுவலகத்தில், "ஏன், குழந்தைக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்பவர்களுக்கு அவள்தான் பதில் சொல்கிறாள். மகனை யாரும் கேட்பதில்லை. இதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அடுத்து, துணை. இதுதான் வீட்டில் கிடைக்காதது. டீச்சரம்மா ஒரே வரியில் சொன்னார்: "சார், அவளுக்குப் பாடம் குறையலை. சண்டை போட ஆள் குறையுது." எவ்வளவு சரி! தாயம் ஆடினால் நான் வேண்டுமென்றே தோற்பேன். அதனால் அவளுக்குத் தோற்கத் தெரியாமல் போய்விட்டது. வரிசையில் நிற்கத் தெரியவில்லை, நாங்கள்தான் உடனே எழுந்து எல்லாம் கொடுத்துவிடுகிறோமே. சாயங்காலம் கீழே விளையாடப் போனால் மற்ற குழந்தைகள் தங்கள் மிஸ்ஸைப் பற்றிப் பேசும்போது இவள் தள்ளி நிற்பாள். இப்போது வாரத்தில் இரண்டு நாள் காலையில், நம் பிளாக்கில் இன்னும் பள்ளிக்குப் போகாத மூன்று வாண்டுகள் டீச்சரம்மா வீட்டுக்கு வருகிறார்கள். பாப்பா அவர்களுக்குக் கதை படித்துக் காட்டுகிறாள், சண்டையும் போடுகிறாள். இரண்டும் நல்லதுதான்.

மாதம் ஒரு சனிக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிப்போகிறோம். அங்கே அவள் வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள், வரிசையும் இருக்கும். ஒரு தடவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

உங்களில் சிலர் சட்டம் பற்றிக் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கட்டாயக் கல்விச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அது 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. எங்கள் பாப்பாவுக்கு வரும் ஏப்ரலில்தான் ஆறு முடிகிறது. ஆகவே யு.கே.ஜி. வருஷம் வீட்டில் இருந்ததால் எந்தச் சிக்கலும் இல்லை. ஆறு வயதுக்குப் பிறகு குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லும் அதில் இல்லை. இடையில் விட்டுப்போன குழந்தையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று நாலாவது பிரிவு சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் மகனின் "பின்தங்கிடுவா" பயம் பாதி குறைந்தது. மேலும் தொடர்ந்து வீட்டிலேயே படிக்க வைப்பவர்கள், தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக 14 வயது நிறைந்த பிறகு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைக்கலாம். தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை நான் இறக்கிப் பார்த்தேன், படங்களே பாதிப் பாடம் நடத்திவிடும்.

எல்லோரும் இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் முழுநேரமும் இரண்டு பெரியவர்கள் இருந்தோம், ஓய்வூதியம் வருகிறது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், தாத்தா பாட்டி இல்லாத வீட்டில், இது ஒரு அம்மாவின் தலையில் மட்டும் விழும். அப்படி விழுவதானால் வேண்டாம். பள்ளிக்குப் போகும் குழந்தையோடும் கீரை ஆயலாம், மீட்டர் பார்க்கலாம். ஒரு மணி நேரம் அவசரமில்லாமல் பக்கத்தில் இருப்பதற்குப் பள்ளியை நிறுத்த வேண்டியதில்லை. எங்களுக்கு நிறுத்திய பிறகுதான் அது புரிந்தது.

கடைசியாக ஒரு செய்தி. பாப்பா ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேரப்போகிறாள். ஜனவரியில் ஆண்டுவிழா வேஷத்தோடு பிள்ளைகள் வேனில் இறங்கியதைப் பார்த்துவிட்டு, அவளாகத்தான் கேட்டாள்: "நான் எப்ப போவேன்?" நடந்து போகிற தூரத்தில், வகுப்பில் கொஞ்சம் குறைவான பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியைப் பார்க்கப் போனோம். தலைமையாசிரியை வகுப்பறையைக் காட்ட எழுந்தார். இவள் என் கையை விட்டுவிட்டு, "முதல்ல பாத்ரூம் எங்க இருக்குன்னு காட்டுங்க" என்றாள், தமிழில், சத்தமாக. அந்த அம்மா சிரிக்கவில்லை. "வா, காட்டுறேன்" என்று கூட்டிக்கொண்டு போனார். நானும் மருமகளும் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டோம்.

வயிற்றுவலி மறுபடி வராது என்று நான் உத்தரவாதம் கொடுக்கமாட்டேன். வந்தால், எங்கே தேட வேண்டும் என்று இப்போது எங்களுக்குக் கொஞ்சம் தெரியும்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். நம் குடியிருப்பில் எந்தக் குழந்தையை லிஃப்டில் பார்த்தாலும், "ஏ ஃபார் என்ன, ரெண்டும் மூணும் எவ்வளவு" என்று பரீட்சை வைக்காதீர்கள். அதற்குப் பதிலாக உங்கள் கையில் இருக்கும் பையை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள், என்ன வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, ஜூன் மாதம் காலையில் புதுப் பையோடு அவள் லிஃப்டில் நிற்பாள். "மாட்டிக்கிட்டியா! இனிமேதான் இருக்கு உனக்கு" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். நானே எத்தனையோ குழந்தைகளிடம் அப்படிச் சொன்னவன்தான். "போயிட்டு வா பாப்பா" என்று மட்டும் சொல்லுங்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.